பொன்னுரங்கம் செய்த பைப்பு

ஜூன் 3, செவ்வாய்

ஷெட்டுக்குள் 29 டிகிரி. மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. பத்து நாள் கழித்து இன்று சிறுவாணித் தண்ணீர் விட்டார்கள். இரண்டு டிரம் பிடித்து வைத்துவிட்டு வேலைக்கு வர ஒன்பதே கால்.

தூக்கம் சரியில்லை என்று போனதற்கு, தினமும் நடந்ததை எழுதிப் பாருங்கள் என்றார் டாக்டர். முதல் பக்கம் என்பதால் வேலையையும் எழுதி வைக்கிறேன். பெயர் வசுமதி, வயது 39. மோகனசுந்தரம் சாரின் ரேஸ் டீமில் டைனோ பார்க்கிறேன். வண்டியின் சக்கரங்களை இரண்டு பெரிய உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டுவோம். எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று திரையில் வரும். அதைப் பார்த்து எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று வண்டியின் கணினியில் நான் எழுதுவேன். பதினோரு வருடமாக இதுதான்.

ரேஸ் நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. டிராக்கைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன, சத்தம் தாங்கவில்லை என்று புகார். இனி எல்லா வண்டியும் சைலன்சரோடுதான் ஓட வேண்டும். 105 டெசிபலைத் தாண்டினால் வெளியே. முதல் ரேஸ் இந்த மாதம் 29.

சார் கடையிலிருந்து ஒரு சைலன்சர் வாங்கி வைத்திருந்தார். மாட்டினோம். சத்தம் 101. சைலன்சர் இல்லாமல் 148 குதிரைத்திறன் இருந்தது. மாட்டிய பிறகு 136. பெட்ரோலைக் குறைத்துச் சரிசெய்து பார்த்தேன், அப்போதும் 136.

“பன்னெண்டு போச்சா?” என்றான் ஜெரோம். டீம் மேனேஜர். முன்பு எங்கள் டிரைவர். இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறான்.

“போச்சு.”

ஜூன் 5, வியாழன்

31 டிகிரி. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

சார் வந்து எண்களைப் பார்த்தார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை.

“கொஞ்சம் பேக் பிரஷர் இருக்கோணும்மா. பவர் பன்னெண்டு போனாப் போகுது, எஞ்சின் தாங்குமல்ல? பேக் பிரஷரே இல்லாம ஓட்டி ஒருக்கா பட்டது பத்தாதா?”

ஜெரோம் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பேக் பிரஷர் என்றால், புகை வெளியே போக இடமில்லாமல் பைப்புக்குள் நிற்கிற அழுத்தம். பட்டது இதுதான். இரண்டு வருடம் முன்பு, ஆகஸ்ட்டில், பொன்னுரங்கம் ஒரு புகைக்குழாய் செய்தார். எங்கள் டீமுக்கு அப்போது எல்லாப் பைப்பும் அவர்தான். நான்கு சிலிண்டரிலிருந்தும் வரும் புகை ஒன்றையொன்று இடிக்காமல், எங்கும் நெருக்காமல் வெளியே போகிற பைப்பு. அது மாட்டிய முதல் ரேஸில், எட்டாவது சுற்றில், மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை விழுந்து எஞ்சின் உடைந்தது. எண்ணெய் டயரில் பட்டு வண்டி வழுக்கிச் சுவரில் மோதியது. ஜெரோமுக்கு இடுப்பு எலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. பைப்பில் பேக் பிரஷர் இல்லாததால்தான் எஞ்சின் போனது என்று சார் சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். பொன்னுரங்கம் டீமை விட்டுப் போய்விட்டார்.

இன்று ரேடியேட்டர் ஹோஸ் இரண்டு மாற்றினேன்.

ஜூன் 6, வெள்ளி

ஜெரோம் ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வந்திருக்கிறான். சைலன்சருக்கு முன்னால் பைப்பில் ஒரு துளை போட்டு, செம்புக் குழாய் வைத்து இதில் இணைத்தால், உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

“ஆளாளுக்கு பேக் பிரஷர் பேக் பிரஷர்னு சொல்றாங்க. ஒருத்தரும் அளந்து நான் பாத்ததில்ல. அளந்துரலாமேக்கா?”

கிளமென்ட் இந்த முறை ஓட்டுகிறான். ஜெரோமின் தம்பி, 24 வயது. அதனால்தான் ஜெரோமுக்கு எல்லாம் தெரிய வேண்டியிருக்கிறது.

உருளை பேரிங்கில் கிரீஸ் போட வேண்டும், அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன்.

ஜூன் 9, திங்கள்

கிரீஸ் போட்டேன்.

“இது போன மாசம்தானே போட்டோம்?” என்றான் ஜெரோம். சத்தம் வந்தது என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

30 டிகிரி. அளந்தோம்.

சைலன்சரோடு, எஞ்சின் நிமிடத்துக்கு 6500 சுற்றில், கேஜ் 0.42 பார் காட்டியது. சைலன்சரைக் கழற்றி, பழைய அளவு பெட்ரோலைத் திரும்ப ஏற்றி ஓட்டியபோது 0.07. முதலில் 136, பிறகு 148. சைலன்சரைத் திரும்ப மாட்டி, அதற்குக் குறைத்த பெட்ரோல் அளவையும் ஏற்றி வைத்தேன். ஜெரோம் இரண்டையும் ஒரு கோடு போட்ட தாளில் எழுதி, வெகு நேரம் பார்த்தான்.

“அப்ப உள்ள அழுத்தம் கூடினா பவர் குறையுது. குறைஞ்சா கூடுது. அவ்வளவுதானே?”

“ஆமா. எரிஞ்ச புகையை பிஸ்டன்தான் வெளிய தள்ளணும். பைப்பு அடைச்சா தள்ளறதுலயே பாதி பலம் போயிரும். போகாத புகை உள்ளயே நிக்கும், புதுக் காத்துக்கு இடம் இருக்காது.”

“அப்ப பேக் பிரஷர் வேணும்னு எல்லாரும் எதுக்கு சொல்றாங்க?”

குறைந்த வேகத்தில் பைப்பு ரொம்பப் பெரிதாக இருந்தால் புகை மந்தமாகும், இழுவை குறையும் என்று விளக்கினேன். சின்ன பைப்பு போட்டால் புகை வேகமாக ஓடும், பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் இழுவை கூடும். நல்லது செய்வது அந்த வேகம்தான், அழுத்தம் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அழுத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் சொன்ன அத்தனையும் சரி.

ஜெரோம் தாளை மடித்தான்.

“பேக் பிரஷர் இல்லாததுனால எஞ்சின் உடையுமா?”

“அதுனால உடையாது.”

“அப்ப எனக்கு எதுனால உடைஞ்சுது?”

வேறு ஏதாவது இருக்கலாம் என்றேன். பிஸ்டன் வார்ப்பிலேயே கோளாறு இருந்திருக்கலாம் என்றும் சொன்னேன்.

ஜூன் 11, புதன்

தலைவலி. லீவு. துணி துவைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

0.42 என்ற எண்ணை ஜெரோம் சாரிடம் காட்டி, பெரிய வயிறு வைத்த, உள்ளே நெருக்காத சைலன்சர் செய்தால் சத்தமும் குறையும், பவரும் போகாது என்று பேசிவிட்டான். செய்யத் தெரிந்த ஆள் ஒருவர்தான். சார் முகத்தைச் சுளித்து, “நான் போயி கேக்க மாட்டேன். நீங்க வேண்ணா போங்க” என்றார்.

இருகூரில் பொன்னுரங்கத்தின் பட்டறைக்கு ஜெரோமும் நானும் போனோம். இப்போது ஹோட்டல்களுக்குச் சமையலறைப் புகைக்கூண்டு செய்கிறார். ஆள் இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கிரைண்டரை நிறுத்திவிட்டு இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார். ஜெரோம் உட்காரும்வரை அவனுடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. விபத்து நடந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவரை ஜெரோமின் அம்மா வராந்தாவிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

விஷயத்தைச் சொன்னோம். தலையை ஆட்டினார்.

“வேண்டாங் தம்பி. நம்ம கைல எதுக்கு மறுக்கா? இந்தப் பொகக்கூண்டு பாருங்க, இது ஒடைஞ்சாலும் சோத்துல கரிதான் விழும்.”

“தம்பி ஓட்டறான்ணா” என்றான் ஜெரோம். “கிளமென்ட்டு.”

பொன்னுரங்கம் கையுறையைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அம்மிணி, ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். அன்னிக்கு ரேஸ்ல மிக்சர் என்ன இருந்துது?”

பெட்ரோலும் காற்றும் கலக்கிற விகிதத்தைக் கேட்கிறார்.

“பாக்கணும்ணா. பழைய லேப்டாப்ல இருக்கும்.”

“பாக்கவே இல்லீங்களா இத்தன நாளா?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை என்றேன்.

அளவு எடுத்துக்கொண்டார். புதன்கிழமை தருவதாகச் சொன்னார்.

ஜூன் 15, ஞாயிறு

அலமாரியைச் சுத்தம் செய்தேன். பழைய லேப்டாப் இருந்தது. திறந்தேன். அந்த ஆகஸ்ட் மாத ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. பார்ப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது.

மாலையில் மாவு அரைத்தேன்.

ஜூன் 18, புதன்

28 டிகிரி. காலையில் லேசான தூறல்.

பொன்னுரங்கம் சைலன்சரைக் கொண்டுவந்து, அவரே வண்டிக்கு அடியில் படுத்து மாட்டினார். உள்ளே நேராக ஒரு ஓட்டைக் குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. புகை திரும்பாமல் வளையாமல் போகும், சத்தத்தை மட்டும் பஞ்சு குடித்துக்கொள்ளும். பற்றவைத்த தையலில் ஒரு மேடு பள்ளம் இல்லை. சார் ஆபீஸ் அறையை விட்டு வெளியே வரவில்லை.

கிளமென்ட் வண்டியில் உட்கார்ந்தான். ஜெரோம் கேஜ் பக்கம். நான் திரையில். பொன்னுரங்கம் எனக்குப் பின்னால் நின்றார்.

முதல் ஓட்டம் 5800 சுற்று வரை போனது. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன். கலவை 13.9 காட்டியது. ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டே முக்கால் பங்கு காற்று இருக்க வேண்டிய இடம் அது.

“ஏனுங் நிறுத்திப்போட்டீங்க?” என்றார் பொன்னுரங்கம்.

“மிக்சர் தண்ணியா இருக்குணா. பழைய சைலன்சருக்குக் குறைச்சு வெச்ச பெட்ரோல்தான் இதுல இருக்கு.”

“இப்ப ஏத்தோணும்.”

“ஆமா.”

“காத்து நல்லா உள்ள வருதல்ல, அதுனால.”

“ஆமா. இந்த வண்டில காத்தை அளக்கற சென்சார் இல்ல. நாம எழுதி வெச்ச அளவுதான் பெட்ரோல் வரும்.”

“ஏத்தாம ஓட்டுனா?”

திரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். “சூடாகும்.”

“பிஸ்டன் உருகுமுங்களா?”

“ஓட்டிட்டே இருந்தா உருகும்.”

“அப்ப பைப்பு மாத்தறப்பெல்லாம் நீங்க இத மாத்தோணும்.”

“ஆமாண்ணா.”

“ஒவ்வொரு தடவையும்?”

“ஒவ்வொரு தடவையும்.”

அவர் திரையில் நின்ற 13.9-ஐப் பார்த்தார். ஜெரோம் கேஜ் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அணைக்காத எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு எவ்வளவு கேட்டிருக்கும் என்று தெரியவில்லை.

பெட்ரோலை ஏற்றினேன். 0.11 பார். 146 குதிரைத்திறன். 103 டெசிபல். கிளமென்ட் வண்டியிலிருந்து இறங்கிப் பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

பிறகு சார் வெளியே வந்தார். “பாத்தியா, சைலன்சர்னு ஒண்ணு இருக்கறதுனால கொஞ்சம் பேக் பிரஷர் நிக்குது. அதுதான் சேஃப். முன்ன மாதிரி வெறும் பைப்பா செஞ்சிருந்தா நான் மாட்ட விட்டிருக்க மாட்டேன்” என்றார். டிராக்கில் யாராவது கேட்டால் சைலன்சர் யார் செய்தது என்று சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

சரிங்க சார் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

எழுத எதுவும் இல்லை.

ஜூன் 21, சனி

30 டிகிரி. கடைசி டியூனிங். 147.5 வந்தது. இதற்கு மேல் வராது, தேவையும் இல்லை.

கிளமென்ட் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, இது சேஃப்தானே? எங்கம்மா தினமும் கேக்குது. நீங்க சொன்னா சரின்னு நான் சொல்லிருக்கேன்.”

“சேஃப்தான்.”

“போதும்” என்று எழுந்து போய்விட்டான். திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் போன பிறகு வண்டியை இன்னும் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். நான்கிலும் கலவை 12.8. ஐந்தாவது முறை ஓட்டப் பெட்ரோல் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

15ஆம் தேதி பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். சார்ஜர் செருகித்தான் இருந்தது. நான்தான் மூடினேன்.

இன்று காலை முழுவதும் அந்த ஃபைல்களைப் பார்த்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அந்த ஆகஸ்ட்டில், ரேஸுக்கு முந்தைய வியாழக்கிழமை பொன்னுரங்கத்தின் பைப்பு மாட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை நான் வண்டியை உருளையில் ஏற்றி, புதுப் பைப்புக்குத் தகுந்தபடி பெட்ரோலை ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை திருப்பூரில் சித்தப்பா மகள் கல்யாணம். காலையில் போய்விட்டு மதியம் திரும்புவதாக இருந்தது. மதியம் திரும்பவில்லை. சனிக்கிழமை டிராக்கில் சார் கேட்டார்: “டியூன் ஆச்சா?” ஆச்சு என்றேன். பைப்பு மாறியதில் பெரிதாக ஒன்றும் ஆகாது, பயிற்சி ஓட்டத்தில் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பயிற்சி ஓட்டத்தை மழை கெடுத்துவிட்டது. ஈரத்தில் யாரும் முழு வேகத்துக்குப் போகவில்லை. ஞாயிறு காலை வெயில் அடித்தது.

வண்டியில் இருந்த பெட்ரோல் கணக்கு திங்கட்கிழமை எழுதியது. பழைய பைப்புக்கானது. ரேஸில் பதிவான கலவை, நேர்ச்சாலையில், முழு மிதியில், 14.6. ஏழு சுற்று 14.6-இல் ஓடியிருக்கிறது. எட்டாவது சுற்றில் பதிவு நின்றுவிடுகிறது.

மறுநாள் சார் கேட்டார்: “டியூன் சரியாத்தான இருந்துது?” சரியாத்தான் இருந்தது என்றேன். அப்போது பக்கத்திலிருந்த யாரோ, வெறும் பைப்பு மாதிரி செஞ்சா பேக் பிரஷர் எங்க இருக்கும் என்றார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அது தப்பு என்று அந்த ஷெட்டில் தெரிந்தவள் நான் ஒருத்தி. லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன்.

இன்று பார்த்துத்தான் எனக்கு இது தெரிந்தது என்று எழுத நினைத்தேன். அப்படி இல்லை.

ஜூன் 23, திங்கள்

மதியம், சாப்பாட்டு நேரம். ஜெரோம் தனியாக இருந்தான். பதிவை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். 14.6 என்பதன் கீழே கோடு போட்டிருந்தேன். அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, “வெள்ளிக்கிழமை எங்க இருந்தீங்க?” என்றான்.

“திருப்பூர்ல. ஒரு கல்யாணம்.”

“யாரு கல்யாணம்?”

“சித்தப்பா பொண்ணு.”

“சாப்பாடு நல்லா இருந்துச்சா?”

தாளை எடுத்து மடித்தேன்.

“நிஜமாவேதான் கேக்கறேன். நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு.”

டிபன் பாக்ஸை மூடினான். தடியை எடுக்கக் குனிந்தவனுக்கு எட்டவில்லை. எடுத்துக் கொடுக்கப் போனேன். “விடுங்க” என்றான். தானே எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“ரெண்டு வருசமா பக்கத்துல உக்காந்து சாப்டிருக்கீங்க” என்றான். “எனக்கு ஒடம்பு முடியாதப்ப எல்லாம் நீங்கதான் ஆட்டோ பிடிச்சு விட்டீங்க. நல்ல மனுசின்னு எங்கம்மாகிட்ட சொல்லுவேன்.”

சாரிடம் மூன்று மணிக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். கேட்டு முடித்ததும் கோபத்தைவிடக் கலவரம்தான் தெரிந்தது.

“இப்ப எதுக்கு இதக் கிளப்பறே? ஆறு நாள்ல ரேஸ். முடிஞ்சுபோன கதை. ஸ்பான்சர் காதுக்குப் போனா என்ன ஆவும்னு தெரியுமா? நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத, நானும் மறந்தர்றேன்.”

“பொன்னுரங்கம் அண்ணாகிட்ட சொல்லணும் சார். டீம் ரெக்கார்டுலயும் மாத்தி எழுதணும். பைப்பு காரணம்னு இருக்கு.”

“எழுதறதுன்னா எழுது. ரேஸ் முடிஞ்ச மறுநாள் சாவியக் குடுத்துட்டுப் போயிரு.”

எழுதினேன். ஐந்து வரி. கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பொன்னுரங்கம் வேலையை நிறுத்தாமலே கேட்டார். நான் முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“பதினெட்டாந் தேதி திரையில பாத்தப்பவே ஒரு மாதிரி இருந்துதுங். அதுக்கு முன்னால எனக்கும் தெரியாது. நானே நம்பிப்போட்டேன் அம்மிணி. அத்தன பேரு சொன்னா நம்பாம என்ன பண்றது? நான் எங்கியோ அளவுல விட்டுப்போட்டேன், அந்தப் பையன் இடுப்பு என் கைனாலதான் போச்சுன்னு இருந்தேன். ஆறு மாசம் வெல்டிங் டார்ச்சத் தொடலீங்.”

“தப்பு என்னுதுண்ணா. மன்னிப்பு கேக்க வந்தேன்.”

“எனக்கு வேண்டாமுங்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “என்கிட்ட சொல்றது சுலுவு. ஜெரோமு அம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க. ஆஸ்பத்திரில அத்தன சனத்துக்கு முன்னால அந்தம்மா என்னக் கொலகாரன்னு சொல்லுச்சு. நீங்களும் நின்னுட்டுத்தான இருந்தீங்க.”

ஜூன் 26, வியாழன்

ஜெரோம் வீடு. ராமநாதபுரத்தில், சர்ச்சுக்குப் பின் தெரு. அம்மா பெயர் ஃபிலோமினா. கதவைத் திறந்தவர் சிரித்தார். ஜெரோம் இன்னும் சொல்லவில்லை என்று புரிந்தது. காபி போட எழுந்தவரை உட்காரச் சொன்னேன்.

பைப்பு, கலவை, பெட்ரோல் என்று ஆரம்பித்தேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

“எனக்கு அதெல்லாம் வெளங்காதும்மா. புரியற மாதிரி சொல்லு.”

“வண்டியைச் சரிபார்க்க வேண்டிய வேலை என்னுது. நான் பார்க்கல. பார்த்துட்டேன்னு பொய் சொன்னேன். அதுல ஜெரோமுக்கு அடிபட்டுது. பொன்னுரங்கம் அண்ணா மேல பழி வந்தப்பவும் பேசாம இருந்தேன். அவர் ஒண்ணும் பண்ணல.”

இவ்வளவுதான். நான்கு ஐந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அந்த அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது.

“ரெண்டு கிறிஸ்மஸுக்கும் அந்த மனுசன் கேக்கு கொண்டாந்து கேட்டுல மாட்டிட்டுப் போனான்” என்றார். “கூப்புடல, பெல்லு அடிக்கல. ரெண்டு தடவையும் அத எடுத்து நாய்க்குப் போட்டேன்.”

பிறகு, “நீ போம்மா” என்றார்.

படியில் இறங்கும்போது குக்கரை அணைக்கிற சத்தம் கேட்டது.

ஜூன் 27, வெள்ளி

29 டிகிரி. காலையில் கிளமென்ட்டும் ஜெரோமும் சேர்ந்து வந்தார்கள். வண்டியை டிராக்குக்கு ஏற்ற லாரி பத்து மணிக்கு.

“இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க” என்றான் கிளமென்ட். “நானும் பாக்கணும். எந்த எண்ணு எங்க வரும்னு சொல்லுங்க.”

மிதியை ஜெரோம் பிடித்தான். வலது காலால் முடிந்தது. கிளமென்ட் என் பக்கத்தில் நின்று, ஆயிரத்திலிருந்து ஏழாயிரம் சுற்று வரை ஒவ்வொரு வரியாகக் கேட்டான். பதில் சொன்னேன். தாளில் எழுதிக்கொண்டான். என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

எல்லாம் சரியாக இருந்தது. “நான் ஓட்டறேன்” என்று அண்ணனிடம் சொன்னான்.

ஜூன் 29, ஞாயிறு

டிராக்கில் 33 டிகிரி. சத்தப் பரிசோதனையில் 102.8. தேறியது.

பன்னிரண்டு சுற்று. எட்டாவது சுற்றை நான் பார்க்கவில்லை. திரையில் கலவையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். 12.8, 12.7, 12.8. கிளமென்ட் மூன்றாவதாக வந்தான். இறங்கியதும் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். ஜெரோம் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பரிசு கொடுக்கும் இடத்தில் ஒரு பத்திரிகைக்காரர், இந்த சைலன்சர் யார் செய்தது, சத்தமே இல்லையே என்று கேட்டார். சார் பேச வாயெடுப்பதற்குள் கிளமென்ட் மைக்கில் சொல்லிவிட்டான்: “இருகூர் பொன்னுரங்கம். அவர்தான் முன்னாடியும் எங்களுக்குச் செஞ்சாரு. அவர் செஞ்சது எதுவும் உடைஞ்சதில்ல.”

ஜூன் 30, திங்கள்

சாவியைக் கொடுத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் ஜெரோம் வந்தான். பழைய லேப்டாப்பைக் கேட்டான். இன்சூரன்ஸ்காரர்களுக்கா, வக்கீலுக்கா என்று நான் கேட்கவில்லை. சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்தேன். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. படியில் நின்றபடியே பேசினான்.

“அம்மா நேத்து இருகூர் போச்சு. நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன், வேண்டாம்னுட்டு ஆட்டோல தனியா போச்சு.”

“அம்மா என்ன சொன்னாங்களாம்?”

“ஒண்ணும் சொல்லலையாம். அவர் வெல்டிங் பண்ணிட்டு இருந்தாராம். அம்மா போய் நின்னதும், இந்த வெளிச்சத்தைப் பாக்காதீங்கம்மா, கண்ணு போயிரும்னு சொல்லிட்டு, ஒரு கண்ணாடி மறைப்பு எடுத்துக் குடுத்தாராம். அம்மா அதை மூஞ்சிக்குப் பிடிச்சுட்டு ஒரு மணி நேரம் அங்கயே நின்னுதாம். அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிச்சாங்களாம்.”

“நான் ஒரு தடவை அம்மாவைப் பாக்கலாமா?”

“வேண்டாம்” என்றான் ஜெரோம். படி இறங்கினான். கைப்பிடி இல்லாத படி அது. ஒவ்வொரு படிக்கும் அவனுக்கு நேரம் பிடித்தது. கடைசிப் படிவரை நின்று பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

சூலூர் போகும் வழியில் ஒரு வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பைப்பின் முனையில் குழாயைச் செருகி, புகையை அளந்து, சான்று அடித்துக் கொடுக்க வேண்டும். இன்று முதல் நாள். பதினேழு வண்டி.

பதினோராவதாக வந்தவர் சரக்கு ஆட்டோக்காரர். எஞ்சினை அணைக்காமல் வாசலிலேயே நிறுத்தி, “மெசினெல்லாம் வேண்டாங்க மேடம், வண்டி நல்லாத்தான் ஓடுது, பேப்பர மட்டும் அடிச்சுக் குடுங்க, லோடு இருக்குது” என்றார்.

உள்ளே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன். முணுமுணுத்தபடி நிறுத்தினார். அளந்தேன். முதல் முறை எண் சந்தேகமாக இருந்தது. குழாயைக் கழற்றித் துடைத்து மறுபடி அளந்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. அவர் காத்திருந்தார்.